நான்கு சக்கர இயக்க டிரக்கின் முன் தனிச் சஸ்பென்ஷன்: வடிவமைப்பை எங்கே தொடங்குவது?

முன்பக்கத் தனிச் சஸ்பென்ஷனை (இரு பக்கச் சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு) வடிவமைப்பவர்களில் பலர் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவற்றை அவற்றுக்கேற்ப வளைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் நான்கு சக்கர இயக்க வண்டியில் சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதை முடிவு செய்வது, டிஃபரென்ஷியலிலிருந்து (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) ஒரு சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் அரை ஆக்சில்தான். ஆகவே அதிலிருந்து தொடங்குவதே முறை.

டிஃபரென்ஷியல் சேசிஸோடு பிணைந்திருப்பதால், சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள சி.வி. ஜாயிண்டுகள் (மடங்கிய நிலையிலும் சீரான வேகத்தில் சுழலும் மூட்டுகள்) மடங்குகின்றன. வெளி ஜாயிண்ட் ஏறத்தாழ 45 பாகை வரை மடங்கும் என்றாலும், ஸ்டீயரிங் திருப்பமும் அந்தக் கணக்கிலேயே சேரும். நீளவாட்டில் நகரவும் வேண்டியிருக்கும் உள் ஜாயிண்டோ பொதுவாக 20 முதல் 25 பாகைக்குள் நின்றுவிடும். ஜாயிண்ட் மையங்களுக்கிடையே 450 மி.மீ. இருந்து, 22 பாகையை எல்லையாகக் கொண்டால், கிடைநிலையிலிருந்து ஒவ்வொரு திசையிலும் சுமார் 168 மி.மீ. அசைவு கிடைக்கும், 350 மி.மீ. ஆக்சிலில் அது 131 மி.மீ. ஆகச் சுருங்கும். டிஃபரென்ஷியலைக் குறுகலாக அமைப்பதற்குச் செலவிடும் உழைப்பு இதனால்தான் வீண்போவதில்லை. வண்டியை மட்டும் 50 மி.மீ. உயர்த்தி டிஃபரென்ஷியலை அதே அளவு இறக்காமல் விட்டால், கிடையாக இருந்த 450 மி.மீ. ஆக்சில் நின்ற நிலையிலேயே 6 பாகைக்கு மேல் சாய்ந்துவிடும்.

அடுத்து, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல், கீழ் ஆர்ம்கள். கீழ் ஆர்மின் உள் மூட்டு, உள் ஜாயிண்டின் மையத்துக்கு நேர்கீழே அமைந்தால் ஆக்சில் உள்ளே வெளியே நகரும் அளவு குறையும். மேல் ஆர்மைக் கீழ் ஆர்மைவிடச் சற்றுக் குட்டையாக வைத்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிப்புறச் சக்கரம் ஓரளவு நிமிர்ந்தே நிற்கும். மிகக் குட்டையானால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அளவுக்கு மீறி மாறும். டயருக்கு மேலே உயர்ந்து நிற்கும் நக்கிளையே (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) நான் விரும்புவேன்; அதை ஆர்ம்களோடு இணைக்கும் பால் ஜாயிண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருப்பதால் அவற்றின் மீது விழும் விசை குறைகிறது.

ஆக்சில் குறுக்கே செல்வதால் ஸ்பிரிங்குக்கு இடம் நெருக்கடியாகும். நீளவாட்டில் கிடக்கும் டார்ஷன் பார் (முறுக்கப்படும்போது ஸ்பிரிங்காகச் செயல்படும் கம்பி) அதைத் தவிர்க்கிறது. காயில் ஸ்பிரிங் என்றால் அதன் கீழ்முனை ஆக்சிலை விலக்கிக் கீழ் ஆர்மில் அமர வேண்டும். ஆர்ம் நீளத்தில் 0.6 பங்கில் அது செங்குத்தாக அமர்ந்தால், அதன் விறைப்பில் 0.36 பங்கே சக்கரத்தில் உணரப்படும் என்பதைக் கணக்கில் கொள்ளவும்.

ஸ்டீயரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராடின் உள் முனை, இரு ஆர்ம்களின் உள் மூட்டுகளை இணைக்கும் கோட்டில் இருக்க வேண்டும். அதன் திசைக்கோடு, ஆர்ம்களின் கோடுகள் சந்திக்கும் புள்ளி வழியே செல்ல வேண்டும்; அப்போதுதான் சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புவது குறையும்.

பாகங்களைப் பூட்டியபின் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை 20 மி.மீ. இடைவெளிகளில் நகர்த்தி டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) அளக்கவும். முழுத் திருப்பத்திலும் ஜாயிண்டும் அதன் ரப்பர் உறையும் இடிக்கின்றனவா என்று பார்த்து, எல்லைக்குச் சற்று முன்பே பம்ப் ஸ்டாப்பையும் (ஏற்றத் தடை) இறக்கத் தடையையும் பொருத்தவும். டோ ஒரே திசையில் சீராக மாறினால் டை ராடின் உயரத்தைத் திருத்தவும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே பக்கமாக வளைந்தால் அதன் நீளத்தை மாற்றவும்.