உங்கள் ஆரம்பக் கவிதைகளை உங்கள் குரலிலேயே பதிவுசெய்வது எப்படி?

பழைய நோட்டிலும் சிற்றிதழ்ப் பக்கத்திலும் கிடக்கும் கவிதைகளைப் பதிவுசெய்ய ஸ்டுடியோ தேவையில்லை. செல்போன், வயர் உள்ள காலர் மைக், சின்ன அறை இருந்தால் ஆயிற்று.

முதலில் கவிதையின் எந்த வடிவத்தை வாசிப்பது என்று முடிவுசெய்யுங்கள். நோட்டில் ஒன்று, இதழில் ஒன்று, தொகுப்பில் ஒன்று என்று இருந்தால் முதலில் அச்சானதையே வாசியுங்கள். இன்று கூச்சம் தரும் உவமை என்றாலும் கைவைக்காதீர்கள். பாரதிதாசன் மயிலம் முருகன்மீது பாடிய துதிப்பாடல்கள் 1926-இல் நூலாயின. பின்னாளில் பகுத்தறிவு பாடியவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பது அவை அப்படியே கிடைப்பதால்தான் தெரிகிறது.

கவிதையை 16 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்செடுங்கள். வாசிக்கும்போது தாள் திருப்பினால் அந்தச் சரசரப்பு பதிவில் விழும். மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். நேரிசை வெண்பா என்றால் இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல்லுக்கு முன்னும் பின்னும் சிறிது நிறுத்துங்கள். அதை மூன்றாம் அடியோடு ஒட்டி ஓடினால் வெண்பாவின் ஓசையே போய்விடும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் கூடம் உயரமானது, எதிரொலிக்கும். ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை நீண்டால் வேறு அறைக்குப் போங்கள். துணி அலமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறை நல்லது. மதியம் கடைகள் அடைத்திருக்கும் நேரம் தெரு அடங்கியிருக்கும். கடலூரில் மதியத்துக்குமேல் கடற்காற்று ஜன்னலை ஆட்டும், அதனால் அங்கே காலையே சரி. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். வியர்க்கும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள்.

மைக்கைச் சட்டையில் மாட்டாதீர்கள், கஞ்சி போட்ட துணி உரசும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், ஒரு ஸ்டாண்டில் மாட்டுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘அப்பா’, ‘தப்பு’ போன்ற சொற்களில் காற்று மைக்கில் மோதி ‘புஃப்’ என்று கேட்கும்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ரெக்கார்டிங் ஆப்பில் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு), மோனோ (ஒற்றைத் தடம்), 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 எம்பி ஆகும். ஆப்பின் ஒலி அளவுகாட்டியில் குரலின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும். 0-வைத் தொட்டுக் கரகரத்த இடத்தைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பேசாமல் 30 விநாடி அறையின் ஓசையைப் பதிவுசெய்யுங்கள். பிறகு தலைப்பு, எழுதிய ஆண்டு, வெளியான இதழ் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தவறினால் நிறுத்தாமல் 2 விநாடி விட்டு அடியின் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். நடு அடியில் ஒட்டினால் குரலின் ஏற்றம் பொருந்தாது.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் நீக்கும்போது அந்த 30 விநாடியை மாதிரியாகக் கொடுத்து, 6 முதல் 9 டெசிபலோடு நிறுத்துங்கள். பேராசைப்பட்டால் முதலில் பலியாவது குற்றியலுகரம்: ‘காற்று’, ‘பாட்டு’ என்பவற்றின் கடைசி உகரம் மெல்லியது, இரைச்சலோடு சேர்ந்து அதுவும் கரைந்துவிடும். வெட்டும்போதும் அடியின் முடிவில் அரை விநாடி விடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையெனில் தரம் குறையலாம். மூலக் கோப்பை வெட்டாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டும் தலைப்பும் இருக்கட்டும். வாசித்த தாளையும் இதழின் பக்கத்தையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.