சுமை ஏற்றினால் காரின் பின்பக்கம் உட்காருகிறதா?

டிக்கி நிறைய மூட்டை ஏற்றியதும் காரின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா? பலரும் உடனே ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார்கள். ஆனால் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான்.

முதலில் டேப் எடுத்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளந்துகொள்ளுங்கள். வெறும் வண்டியில் ஒரு முறை, சுமையோடு ஒரு முறை. வெறும் வண்டியே தொங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. புதிது போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எப்போதாவதுதான் சுமை என்றால், சுருள் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பை என் தேர்வு. சுமைக்கேற்பக் காற்றை ஏற்றலாம், குறைக்கலாம். காற்றை முழுதாக இறக்கினால் பை மடங்கிக் கெட்டுவிடும். வெறும் வண்டியிலும் பொதுவாக 5 பி.எஸ்.ஐ. இருக்கட்டும். தினமும் சுமை என்றால் கனமான ஸ்பிரிங் போடலாம். ஆனால் காலி வண்டியில் போகும்போது அதன் அருமையை உங்கள் முதுகு சொல்லும்! சுருளுக்கு இடையில் செருகும் ரப்பர் துண்டு மலிவுதான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ட்ரெய்லர் இழுப்பவர்கள் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும்படி அடுக்குவது வழக்கம். 600 கிலோவுக்கு 60 முதல் 90 கிலோ. அந்த எடை பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குவதால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்.

அப்புறம், எந்த ஸ்பிரிங் போட்டாலும் வண்டியின் எடை வரம்பு உயராது. டயரையும் பாருங்கள்: அதில் பொறித்திருக்கும் அளவுக்குப் பக்கத்தில் 91 என்றிருந்தால் ஒரு டயர் தாங்குவது 615 கிலோ வரைதான்.