தண்டால் எடுத்தால் தலைவலியா? கழுத்துப் பிடிப்பா?

முதலில் மூச்சைக் கவனியுங்கள். கடைசி நாலைந்து தண்டாலில் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பின்மண்டை விண் விண்ணென்று தெறிக்கும். இறங்கும்போது மூச்சை இழுங்கள், எழும்பும்போது வாயால் விடுங்கள். எழும்பும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சை அடக்கவே முடியாது.

அடுத்தது பார்வை. எதிரே பார்த்தபடி தண்டால் எடுத்தால் கழுத்து பின்னுக்கு மடங்கியே நிற்கும். கைக்கு ஒரு சாண் முன்னால் தரையைப் பாருங்கள். களைத்ததும் பலர் தாடையை நீட்டித் தரையைத் தொட்டு ஒன்று என்று கணக்கு வைக்கிறார்கள். அது கள்ளக்கணக்கு, இறங்க வேண்டியது நெஞ்சு. தோள் காதுப் பக்கம் ஏற ஆரம்பித்தால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள். முடியவில்லையா, திண்ணை விளிம்பில் கை ஊன்றிச் செய்யலாம்.

சிட்-அப்பில் பிடரியில் கை கோத்து இழுக்காதீர்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே வையுங்கள். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைமுட்டி இடைவெளி இருக்கட்டும்.

வேலூர் வெயில் தெரிந்ததுதானே. கோடையில் கோட்டைப் பக்கமோ மொட்டை மாடியோ, காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். அரை மணி முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழம். நன்றாக வியர்த்தால் பிறகு உப்புப் போட்ட மோர். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பை விட்டுவிடலாம்.

இதுவரை வராத கடுமையான தலைவலி திடீரென வந்தாலோ, கூடவே வாந்தி, கை மரத்துப்போதல் இருந்தாலோ தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.