சி பாயிண்டரைப் பைத்தானில் பத்திரமாக வைத்திருக்க

ஈரோட்டில் மஞ்சள் மூட்டையைக் குடோனில் இறக்கினால் ஒரு சீட்டு தருவார்கள். மூட்டை எந்த அடுக்கில் கிடக்கிறது என்பது குடோன்காரர் பாடு. சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பி நீட்டுவது நம் வேலை. சி லைப்ரரி தரும் ஓபேக் பாயிண்டரும் (உள்ளே இருப்பதைக் காட்டாத, மெமரி முகவரி மட்டும்) அப்படிப்பட்ட சீட்டுதான். உள்ளே என்ன இருக்கிறதென்று லைப்ரரியோடு வரும் ஹெடர் ஃபைல் (ஃபங்ஷன்களின் பட்டியல்) சொல்லாது, நாமும் பிரித்துப் பார்க்கக் கூடாது.

சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில், நூல் எடை போடும் தராசைப் பைத்தானோடு இணைத்துக் கொடுத்திருந்தேன். பழைய 32 பிட் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. 64 பிட்டுக்கு மாற்றிய அன்று, தராசைத் திறக்கும் ஃபங்ஷன் ஒழுங்காக முடிந்தது. எடையைப் படிக்கும் அடுத்த வரியில் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தவறான மெமரி முகவரியைத் தொட்டதால் புரோகிராம் அப்படியே நின்றுபோனது. "தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்க" என்றார் தறிக்கார அண்ணன். அவர் சொன்னது சரி. சி பக்கம் அச்சிட்டுப் பார்த்தால் முகவரியில் 12 ஹெக்ஸ் இலக்கம். பைத்தான் பக்கம் அதில் கடைசி 8 மட்டும்.

காரணம் இதுதான்: நாம் சொல்லாவிட்டால், எந்த ஃபங்ஷனும் சாதாரண இன்ட்தான் (முழு எண்) தருகிறது என்று, பைத்தானிலிருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் (ctypes) எடுத்துக்கொள்ளும். இன்ட் 4 பைட், பாயிண்டர் 8 பைட். பாதிச் சீட்டு கிழிந்துபோகிறது.

அதனால் ஃபங்ஷனைக் கூப்பிடும் முன்பே ரெஸ்டைப்பை (restype, ஃபங்ஷன் திருப்பித் தருவது என்ன வகை என்பதை) எழுதிவிடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். ரெஸ்டைப்பில் வாய்ட் பாயிண்டர் (எந்த வகை என்று சொல்லாத பாயிண்டர், c_void_p) என்று போட்டால் கைக்கு வருவது வெறும் பைத்தான் எண். ஆர்க்டைப்ஸ் (argtypes, ஃபங்ஷனுக்குக் கொடுப்பவை என்ன வகை என்பது) எழுதாமல் அதை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், போகிற வழியில் மறுபடி 4 பைட்டாக வெட்டுப்படும். இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

நான் இப்போது வாய்ட் பாயிண்டரையே தொடுவதில்லை. சிடைப்ஸின் ஸ்ட்ரக்சரிலிருந்து (Structure) ஒரு காலி கிளாஸ். உள்ளே ஃபீல்டு எதுவும் வேண்டாம், பாஸ் என்று ஒரு வரி போதும். பெயர் 'தராசு'. (பைத்தான் 3இல் கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் வைக்கிறேன்.) அதன்மேல் பாயிண்டர் டைப் செய்து ரெஸ்டைப்பிலும் ஆர்க்டைப்ஸிலும் அதையே போடுங்கள். பிரிண்டருக்கு வேறொரு காலி கிளாஸ். பிரிண்டரின் பாயிண்டரைத் தவறித் தராசு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அந்த வரியிலேயே ஆர்க்யுமென்ட் எரர் வரும். கூடமே நின்றுபோகிற கிராஷுக்கு அது எவ்வளவோ மேல்.

திறக்கும் ஃபங்ஷன் நல் (NULL, எதையும் காட்டாத வெற்றுப் பாயிண்டர்) தந்ததா என்று உடனே பாருங்கள். இந்தப் பாயிண்டர் நல் என்றால் இஃப் சோதனையில் பொய்யாகிவிடும். எஸ்க்யூலைட் (SQLite என்ற டேட்டாபேஸ் லைப்ரரி) போலத் திறக்கும் ஃபங்ஷன் பாயிண்டருக்குப் பாயிண்டர் கேட்டால், காலிப் பாயிண்டர் ஒன்றைச் செய்து, அதன் முகவரியை அனுப்பும் பைரெஃப் (byref) வழியே கொடுங்கள். எஸ்க்யூலைட்டில் திறப்பது தோற்றாலும் மூடும் ஃபங்ஷனைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

மூடுவதற்கு அந்த லைப்ரரியின் சொந்த ஃபங்ஷன் மட்டுமே; மெமரியை விடுவிக்கும் சி-யின் ஃப்ரீ (free) வேண்டவே வேண்டாம். நான் இதை, வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் பைத்தானின் வித் (with) பிளாக்கில் அடக்கிவிடுகிறேன். மூடியதும் அந்த மாறியில் நன் (None) போட்டுவிடுங்கள், அதே பாயிண்டரை இரண்டாம் முறை தெரியாமல் மூட வழியிருக்காது.