பல சமயத்தார் வாழும் ஊரில் கிறிஸ்தவக் குடிமக்களாக வாழ்வது எப்படி?

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆலயமும் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. அங்கே வாழும் கிறிஸ்தவர் எதை விசுவாசிக்கிறார் என்பதை அயலார் பிரசங்கம் கேட்டு அறிவதில்லை. குழாயடியிலும் ரேஷன் கடையிலும் துக்க வீட்டிலும் அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே அறிகிறார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில், விரும்பிச் சேராத அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடும்படி எரேமியா சொன்னார் (எரேமியா 29:7). நாமோ சொந்த மண்ணில், நம்மவரும் சேர்ந்து உருவாக்கிய அரசியலமைப்பின் கீழ் வாழ்கிறோம். அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவராக இருந்த வங்காளக் கிறிஸ்தவர் எச். சி. முகர்ஜி, சட்டமன்றங்களில் மதச் சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டியதில்லை என்று 1949-இல் முன்னின்று வாதிட்டார். உடன் வாழ்பவர்களை நம்பியே அவர் அதைச் செய்தார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக ஒரு சபையும் அதன் குடும்பங்களும் அன்றாடம் என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒலியும் தெருவும்

முதலில் ஒலிபெருக்கியைக் கவனியுங்கள். அயலாரின் மனக்கசப்பு பெரும்பாலும் உபதேசத்தால் வருவதில்லை, ஓசையால்தான் வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அதே ஆண்டில், சென்னையிலுள்ள ஒரு சபையைப் பற்றிய வழக்கில், பிறருடைய அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்தத் தீர்ப்பைத் தோல்வியாகக் கருதாமல், அறிவுரையாக ஏற்றுக்கொள்வதே நமக்கு அழகு. ஆலயத்தின் வெளிப்புறக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, உள்ளே மட்டும் கேட்கும்படி பெட்டிகளை வையுங்கள். உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் நடக்கும் நாள்களில் கதவுகளை மூடிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் கீத பவனி செல்லும்போது 10 மணிக்கு முன் முடியும்படி வீடுகளைப் பிரித்துக்கொண்டு, பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் இருக்கும் வீடுகளைக் கடக்கையில் மேளத்தை நிறுத்திவிடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களின் வண்டிகள் அடுத்த வீட்டு வாசலை மறிக்காதபடி பார்த்துக்கொள்ள இரண்டு வாலிபர்களை நியமித்தால், அதுவும் ஊழியம்தான். புதிதாக ஆலயம் கட்டுவதானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியைப் பெற்ற பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள். வீடு என்று சொல்லி வரைபட அனுமதி வாங்கி, பிறகு அதை ஜெபவீடாக மாற்றும் வழக்கம் சட்டப்படியும் தவறு, சாட்சியின்படியும் தவறு.

பிறர் பண்டிகைகள்

அதிகக் குழப்பம் இங்கேதான் எழுகிறது. ஆகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் தீபாவளிக்குப் பலகாரமும் பக்ரீத்துக்குப் பிரியாணியும் கொண்டுவரும்போது, அதை அன்போடு வாங்கிக்கொள்வதில் எந்தச் சிக்கலும் இல்லை. கோயிலில் படைத்த பிரசாதத்தைப் பற்றித்தான் விசுவாசிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொரிந்து சபைக்கும் இதே கேள்வி இருந்தது. பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் இதை விரிவாக ஆராய்கிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற அறிவையும், பலவீனமான சகோதரனுடைய மனச்சாட்சியையும் சேர்த்தே அவர் எடை போடுகிறார். ஆகவே, உங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லையென்றால் வாங்காமலிருக்கலாம். ஆனால் மறுக்கும் விதம் மிகவும் முக்கியம். பிள்ளைகள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு “அது பேய்க்குப் படைத்தது” என்று சொல்லும்படி அவர்களை வளர்த்தால், தலைமுறை தலைமுறையாக நீடித்த உறவு ஒரு நொடியில் அறுந்துபோகும். “எங்கள் வழக்கத்தில் இதைச் சாப்பிடுவதில்லை அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள்” என்று சொல்லப் பழக்குங்கள். மறுக்கிறவர்தான் உபசரிப்பில் இன்னும் ஒரு படி கூடுதலாக இருக்க வேண்டும்.

தென்மாவட்டங்களில் கோயில் கொடை என்னும் திருவிழாவுக்கு ஊரார் வரி பிரிக்கும்போதும் இதே கவனம் தேவை. பூசைச் செலவுக்குக் கொடுக்க மனமில்லாதவர், வசூலுக்கு வருகிறவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்தாமல், ஊர்ப் பெரியவர்களை முன்கூட்டியே சந்தித்து, தெரு விளக்கு, குடிநீர்ப் பந்தல், சாலைச் சீரமைப்பு போன்ற பொதுச் செலவில் தம் பங்கைச் செலுத்துவதாகச் சொல்லி, சொன்னபடியே குறித்த நாளில் செலுத்த வேண்டும். பெரும்பாலான ஊர்களில் இந்தப் பேச்சு மரியாதையாகவே முடியும் என்பது என் எண்ணம். கொடை நடக்கும் நாள்களில் நம் கன்வென்ஷன் கூட்டங்களை வைக்காமலிருப்பதும் பண்பாடு. திருநெல்வேலிச் சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரங்களில்) நடக்கும் அசனப் பண்டிகை, அதாவது எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து, நமக்கு நல்ல முன்மாதிரி. அந்தப் பந்தியில் எல்லாச் சமயத்தாரும் உட்காரும்படி ஊர் முழுவதற்கும் அழைப்புக் கொடுங்கள். சைவம் உண்பவர்களுக்குத் தனி அடுப்பில் சமையுங்கள்.

விசுவாசத்தைச் சொல்வதும் சேவை செய்வதும்

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, தம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அந்த உரிமை பொது அமைதி, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்த விளக்கத்தில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. ஆயினும், நாம் விதைக்கலாம், மனந்திரும்புதலை நம்மால் உண்டாக்க முடியாது என்ற நம் விசுவாசத்தோடு அது முரண்படுவதில்லை. நம் நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லும்படி பேதுருவும் கேட்டுக்கொள்கிறார் (1 பேதுரு 3:15). பிறர் வணங்கும் தெய்வங்களை மேடையில் இழித்துப் பேசும் பிரசங்கியாரை மறுபடியும் அழைக்காதீர்கள். அத்தகைய காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

மருத்துவ முகாம், மாலை வகுப்பு, வெள்ள நிவாரணம் ஆகியவற்றை நடத்தும் இடத்தில் துண்டுப்பிரதி கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். பசியோடு வரிசையில் நிற்பவர் நம் பேச்சை மறுக்கும் சுதந்திரம் இல்லாதவர். அந்த நிலையில் அவரிடம் சுவிசேஷம் சொல்வது சுவிசேஷத்துக்கே மதிப்புக் குறைவு. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை, 1876–78 பஞ்சத்தின்போது தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்கு உணவிட்டார். நந்தனார் சரித்திரம் பாடிய சைவரான கோபாலகிருஷ்ண பாரதியாரே “நீயே புருஷ மேரு” என்று அவரைப் போற்றிப் பாடினார். உதவிக்குப் பின்னால் எந்த எதிர்பார்ப்பும் இல்லாதபோதுதான் இத்தகைய சாட்சி பிறர் வாயிலிருந்து வரும். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து ஆண்டுக் கணக்கை அளிப்பதோடு, செலவு விவரத்தை ஆலய அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம்; மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் வதந்தி நெடுநாள் நிற்காது.

வாக்கும் கிராம சபையும்

பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு வாலிபரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறாரா என்று வாலிபர் சங்கம் ஆண்டுதோறும் பார்த்து, விடுபட்டவர்களுக்குப் படிவம் 6-ஐ நிரப்ப உதவட்டும். யாருக்கு வாக்களிப்பது என்பதைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லக் கூடாது. வழிபாட்டிடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதைவிட அவசியம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபைக்குச் செல்வது. அங்கே கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், மயானப் பாதைக்காகவும் கபர்ஸ்தான் சுற்றுச்சுவருக்காகவும் நாமும் எழுந்து பேச வேண்டும்.

இவை அனைத்தையும் செய்துகொண்டே, ஆலயத்துக்குள் சாதியை வைத்திருந்தால் நம் பேச்சை யார் நம்புவார்கள்? தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைகள் நம்மிடையே உள்ளன. உங்கள் சேகரத்தில் அப்படியொரு பிரிவினை இருந்தால், மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்னால் அதைச் சபைக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேருங்கள்.

அநியாயம் நேரும்போது

ஜெபக்கூட்டத்தைத் தடுத்தாலோ ஆலயத்தைச் சேதப்படுத்தினாலோ பொறுத்துப்போவது மட்டுமே கிறிஸ்தவ வழி என்று எண்ண வேண்டாம். பவுல் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துச்சொல்லி நீதி கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). நடந்ததை நேரம், இடம், சாட்சிகளோடு அன்றே எழுதி, காவல் நிலையத்தில் புகார் அளித்து ஒப்புதல் ரசீது வாங்குங்கள். ஏற்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். செய்தவர் ஒருவராயிருக்க, அவருடைய சமயத்தார் அனைவரையும் குற்றம் சொல்லும் வார்த்தை புகாரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. புகார் எழுதும் நேரத்தில், நீங்கள் நம்பும் இந்து நண்பர் ஒருவரையும் முஸ்லிம் நண்பர் ஒருவரையும் உடன் வரும்படி அழையுங்கள். அவர்களுடைய கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் நீங்கள் போயிருந்தால், அவர்கள் வருவார்கள்.