ஜே.ஜே. கலைப்பள்ளியின் வரலாற்றைக் கல்லில் படிக்கும் முறை

மும்பையின் சர் ஜே.ஜே. கலைப்பள்ளி, பார்சி வணிகர் ஜம்செட்ஜி ஜீஜீபாய் அளித்த ஒரு லட்சம் ரூபாய் நன்கொடையால் 1857-இல் தொடங்கியது. அதன் வரலாற்றை அறிய விரும்பும் மாட்டுங்கா, தாராவித் தமிழர்கள் நூலகத்துக்கு முன்பாகச் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்துக்குச் செல்வது நல்லது.

அலுவலகக் கூட்டம் வடிந்தபின் லோக்கல் ரயிலில் போய் இறங்கி, வாயிலை நோக்கி விரையாமல், தூண்களின் தலைப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். கல்லில் விரியும் இலைக்கொத்துகளுக்கும் விலங்குகளுக்கும் பின்னால் இப்பள்ளி மாணவர்களின் உழைப்பு இருக்கிறது. சிறிய பைனாகுலர் இருந்தால் உளியின் தடம்கூடத் தெரியும். கழுத்து வலிக்கு நான் பொறுப்பல்ல.

பிறகு டி.என். சாலையில் வடக்கே நடந்தால் பள்ளி வளாகம் வரும். இங்கே 1865 முதல் ஆசிரியராக இருந்த லாக்வுட் கிப்ளிங்கின் மகனும் ‘ஜங்கிள் புக்’ எழுத்தாளருமான ருட்யார்ட், அவ்வாண்டு டிசம்பரில் பிறந்தார். பலர் அந்தப் பிறப்புச் செய்தியோடு திரும்பிவிடுகிறார்கள். தந்தையின் கைவேலையே பள்ளிக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. அதைக் காணச் சற்றுத் தள்ளியுள்ள கிராஃபோர்டு மார்க்கெட்டின் நுழைவாயிலுக்கு மேல் பாருங்கள்.

வளாகத்துக்குள் செல்ல அனுமதி கேளுங்கள். ஆண்டுக் கண்காட்சி நாட்கள் அதற்கு ஏற்றவை. நூலகத்துக்குப் போகும்போது, இப்பள்ளி ஆசிரியர் ஜான் கிரிஃபித்ஸ் தலைமையில் மாணவர்கள் 1872 முதல் அஜந்தா ஓவியங்களைப் படியெடுத்த பணியிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.