கபடி கேப்டன் ஆனதும் செய்யும் தவறுகள்

போன வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் இரவு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். புதிதாகக் கேப்டன் ஆன பையன், இருபது வயதிருக்கும். அவன் செய்த ஒவ்வொன்றையும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் செய்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. நகம் வெட்டாமல் வருவது, லாபியில், அதாவது கோட்டின் ஓரப் பட்டையில், தெரியாமல் கால் வைப்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்.

எல்லா ரைடும் நானே

கேப்டன் நல்ல ரைடராக, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனாக, இருந்துவிட்டால் இந்த ஆசை வரும். ஆனால் கபடியில் கேப்டனும் அவுட் ஆகி வெளியே உட்காருவான். நம் அணி பாயிண்ட் எடுத்தால்தான் திரும்ப உள்ளே வரலாம், அதுவும் அவுட் ஆன வரிசைப்படி. அதுவரை உள்ளே யார் குரல் கொடுப்பது?

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் நம் கேப்டன் அஜய் தாக்கூருக்கு நெற்றியில் அடிபட்டது. 1990 முதல் தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கிய அணி, ஈரானிடம் 18-27 என்று தோற்றது. அந்தக் காயத்தால்தான் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு பெரிய அணிக்கும் கேப்டன் இல்லாத நிமிஷங்கள் வரும். வாரம் ஒருநாள் பயிற்சியில் கேப்டன் கோட்டுக்கு வெளியே வாய் திறக்காமல் உட்காரட்டும். உள்ளே இரண்டாவது குரல் யாருடையது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

நடுவரோடு சண்டை

கேப்டன் மட்டும் கேட்கட்டும். ஒரே ஒரு தடவை.

களத்துக்குள் திட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பென்னாகரம் பக்கம் ஒரு அரையிறுதி. எங்கள் லெஃப்ட் கார்னர் பையன், இடது ஓரத்தில் நிற்பவன், கணுக்காலைப் பிடித்தால் விடவே மாட்டான். விடியற்காலையில் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றிவிட்டு, நேராகப் பயிற்சிக்கு வருகிறவன். கடைசி ஐந்து நிமிஷம், ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். ரைடர் திரும்புவதற்குள் அவசரப்பட்டுப் பாய்ந்துவிட்டான். பாயிண்ட் போனது, அவனும் அவுட். "டேய், அறிவிருக்காடா உனக்கு?" என்று ஊரே கேட்கக் கத்தினேன்.

அடுத்த ரைடில் எங்களுக்குப் பாயிண்ட் கிடைத்து அவன் உள்ளே வந்தான். அதே ரைடர் மறுபடி அவன் பக்கம் போனார். கைக்கெட்டும் தூரத்தில் கால் வந்து நின்றது. காலைப் பார்க்க வேண்டியவன் என் முகத்தைப் பார்த்தான்.

கார்னர் காலைப் பிடித்தால்தான் அவனுக்கு உள்பக்கம் நிற்கும் கவர் இடுப்பைப் பிடிப்பான், மற்றவர்கள் மேலே விழுவார்கள். அவன் தயங்கியதும் மொத்தச் செயினும் நின்றது. ரைடருக்கு 30 நொடி இருக்கிறது, பிடிக்கிறவனுக்கு அரை நொடிதான். அந்த அரை நொடியை அவனிடமிருந்து பிடுங்கியது நான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போனார். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

அந்த வருஷமே அவன் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தான். ஆட வரவில்லை. வேலைதான் காரணம் என்று அவன் அம்மா சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை.

தவறைச் சொல்லவே கூடாது என்பதில்லை. மறுநாள் மைதானத்தில், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே அவன் திரும்பி வரும்போது தோளில் ஒரு தட்டு, "தம்பி, இவன் வலது பக்கமாத்தான் திரும்புறான், பாரு", அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் இப்போது ஷிஃப்ட் பார்க்கிறேன். அங்கேயும் இதே கதைதான். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவர், அடுத்த முறை சீல் கோணலாக விழுந்த டின்னைக் காட்டாமல் மற்றதோடு சேர்த்து அடுக்கிவிடுகிறார்.

டைம் அவுட்டைப் பதுக்கி வைப்பது

பாதிக்கு இரண்டு, தலா 30 நொடி. பையன்களுக்கு மூச்சு வாங்கும்போதே கேளுங்கள். பாலக்கோட்டில் அந்தப் பையன் கடைசிப் பாதியின் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே தோற்றான்.